உன் போனில் அவன் குரல்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் பிள்ளை குட்டியும் இருக்கிறபடிக்கு இருக்கிறோம், நீ அங்கே காய்ச்சல் தலைவலி இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். கையில் போன் இருக்கும்போது இந்தக் கிழவிக்குக் கடிதம் எழுத என்ன வந்தது என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே ‘ஆரம்பிச்சிட்டியாம்மா’ என்று பாதியில் வெட்டிவிடுகிறாய், காகிதத்தில் அந்த வேலை நடக்காது. எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், நான் படித்த படிப்பு உனக்குத் தெரியும், எழுத்துக்கூட்டிப் படித்துக்கொள். தையல்காரர் மருமகன் லீவு முடிந்து வியாழக்கிழமை அங்கே திரும்புகிறான், ரொட்டி வண்டி ஓட்டுகிறானே அவன்தான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். விடுதிக்கே வந்து உன் கையில் தரவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். ‘அவங்க அத்தான் எங்க கடைப்பக்கம் அடிக்கடி வருவாரே, அவருகிட்ட குடுத்துடட்டுமா’ என்று கேட்டான். நான் பார்த்த பார்வையில், ‘இல்லம்மா, அவங்க கையிலதான் குடுப்பேன்’ என்று தானாகவே திருத்திக்கொண்டான். நல்ல பிள்ளை, மாமனாரைப் போல அளவெடுத்த துணியைத் தொலைக்கிற ரகமில்லை.

விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த ஹோட்டல் துணி துவைக்கிற கம்பெனிக்காரர்கள் உன்னை வேண்டாம் என்று சொல்லவில்லை. வா என்றுதான் சொன்னார்கள். அங்கே ஆள் எடுக்கிற அந்தம்மா உன்னைப் போனில் கூப்பிட்டிருக்கிறாள், நீ வேலையில் இருந்ததால் எடுக்கவில்லை, அதனால் போனுக்குள்ளேயே பேசிப் பதிந்து வைத்திருக்கிறாள். நீ கேட்பதற்கு முன்னால் உன் அத்தான் அதைக் கேட்டுவிட்டு அழித்துவிட்டான். உன் போனைத் தொடக்கூட இல்லை, தன் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு தன் போனிலிருந்தே அந்தக் காரியத்தைச் செய்திருக்கிறான். இதை நான் ஊகத்தில் சொல்லவில்லை. உன் அத்தை தன் வாயாலேயே சொன்னாள், என் வீட்டில், என் நாற்காலியில் உட்கார்ந்து, நான் போட்ட டீயைக் குடித்துக்கொண்டு சொன்னாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசியது இன்னும் என் காதில் நிற்கிறது. ‘கூப்பிடறேன்னு சொன்னாங்கம்மா, கூப்பிடவே இல்ல. துணி மடிக்கிறதுக்குக்கூட நான் லாயக்கில்ல போல’ என்று சொன்னாய். அழுதிருந்தால்கூடத் தேவலை, யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னாய். அதற்கு முன்னால் அந்தக் கம்பெனிக்குப் போய்விட்டு வந்த அன்று எப்படிப் பேசினாய் என்பதும் எனக்கு மறக்கவில்லை. உன் அறையில் இருக்கிற அந்த நெட்டைப் பெண் கூட்டிக்கொண்டு போனாள் என்றும், இரட்டைக் கட்டில் விரிப்பைத் தாடையில் ஒரு முனையை இடுக்கிக்கொண்டு துணைக்கு ஆளில்லாமல் ஒண்டியாக மடித்துக் காட்டினாய் என்றும், அந்தம்மா மெஷினுக்குப் பின்னால் நின்றவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள் என்றும் சொன்னாய். அங்கே சேர்ந்தால் தக்காளிப் பறிப்புக் காலம் முடிந்ததும் வீட்டுக்குப் போ என்கிற பேச்சு கிடையாது, வருஷம் முழுக்க வேலை, பர்மிட்டும் நீளம், குட்டியை அழைத்துக்கொள்ள மனுப் போடலாம் என்று மூச்சு விடாமல் சொன்னாய். நான் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன். சொல்லிச் சொல்லி ஏமாந்த வாய் இது. ஆனால் அன்றைக்கே குட்டியின் துணிகளில் எது அந்த ஊர்க் குளிருக்கு ஆகும் எது ஆகாது என்று பிரித்து வைத்தேன், உனக்குச் சொல்லவில்லை. நீ போன ஞாயிற்றுக்கிழமை லாயக்கில்லை என்று சொன்னபோது உன் அத்தை என் பக்கத்தில்தான் இருந்தாள், அவள் போனில்தானே நாங்கள் உன் முகத்தைப் பார்க்கிறோம். ‘ச்சு ச்சு, விடும்மா, எல்லாம் நல்லதுக்குத்தான்’ என்றாள். ஆறுதல் சொல்கிறாள் என்று நானும் நினைத்தேன். எல்லாம் தெரிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை என் முழங்காலுக்குத் தைலம் கொண்டுவந்தேன் என்று வந்தாள். பாதி தீர்ந்துபோன பாட்டில், அதைக் கொடுத்துவிட்டு இன்னும் பத்து வருஷம் சொல்லிக்காட்டுவாள். குட்டி சும்மா இல்லாமல், அம்மாவுக்குப் புது வேலை கிடைக்கவில்லை, அதனால் நான் அங்கே போகமுடியாது என்று அவளிடம் சொன்னது. அதற்கு உன் அத்தை சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்து, ‘கிடைக்காம என்ன அண்ணி. என் பையன்தான் தடுத்து வச்சிருக்கான். அந்தத் துணிக்காரி, மாசக் கடைசிக்குள்ள வந்து சேந்துக்கோ, காகிதமெல்லாம் நாங்களே பாத்துக்கறோம்னு போன்ல பேசி வச்சிருந்தாளாம். தெரியாத ஊர்ல தெரியாதவங்ககிட்ட போய் நம்ம பொண்ணு மாட்டிக்கக் கூடாதேன்னு இவன் கேட்டுட்டு அழிச்சுட்டான். அவன் பேர்ல இருக்கிற போன்தானே, அவனுக்கு எல்லாம் கேக்கும்’ என்றாள். நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்துச் சொன்னாள், அதுதான் இன்னும் எரிகிறது. அவளுக்கு அதில் தப்பே தெரியவில்லை. மகன் பெருமையைப் பேசுவதாக நினைப்பு.

நான் அப்போது என்ன செய்தேன் என்று கேட்டால் நம்பமாட்டாய். அப்படியா என்றேன். தலையணை உறை மடித்துக்கொண்டிருந்தேன், அதையே திரும்பத் திரும்ப மடித்தேன். நான் அன்று கத்தியிருந்தால் அவள் தெருமுனை திரும்புவதற்குள் மகனுக்குப் போன் போயிருக்கும், அவன் உன்னிடம் வேறு கதையைக் கட்டிச் சொல்லியிருப்பான், நீயும் அம்மாவுக்கு எப்போதுமே அத்தையைக் கண்டால் ஆகாது என்று அவன் பக்கம் சாய்ந்திருப்பாய். அதனால் இன்னொரு டீ போடட்டுமா என்று கேட்டேன். போட்டும் கொடுத்தேன், சர்க்கரையும் அவள் ருசிக்குத் தூக்கலாகப் போட்டேன். என் பிறவியில் நான் செய்ததிலேயே கஷ்டமான வேலை அந்த இரண்டாவது டீதான்.

இப்போது நீ சொல்வாய், அத்தான் இல்லாவிட்டால் எனக்குப் போனே கிடைத்திருக்காது என்று. எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய் இதை. போன் வாங்கிய கதையை நீ சொன்னது எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது, நீ மறந்திருந்தால் நான் சொல்கிறேன் கேள். கடையில் கவுண்டரில் இருந்த பெண் உன் பர்மிட்டை வாங்கித் தேதியைப் பார்த்துவிட்டு, நீ போட்டாக வேண்டிய ஒப்பந்தம் உன் பர்மிட்டைவிட நீளம், அதனால் உனக்குத் தரமுடியாது என்றாள். விலாசம் கேட்டாள், விடுதி விலாசத்தைச் சொன்னாய், அந்த விலாசத்தில் ஏற்கெனவே ஒரு ஊரே குடியிருக்கிறது என்று சிரித்தாள். பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள் என்று சொன்னாய். அத்தனை நேரம் உன் பின்னால் சும்மா நின்றிருந்தவன் அப்போதுதான் முன்னால் வந்து தன் அடையாள அட்டையை எடுத்து வைத்து, என் பேரில் போடுங்கள் என்றான். உனக்கு உயிர் வந்தது போல இருந்ததாம். எனக்கு அப்போதே ஒன்று உறுத்தியது. இவன் அங்கே போய் வேரூன்றி எத்தனை வருஷம், ஆட்களைக் கூட்டிக்கொண்டு எத்தனை தடவை அந்தக் கடைக்குப் போயிருப்பான், தரமாட்டார்கள் என்பது அவனுக்கு முன்னாலேயே தெரியாதா? நீ எல்லோர் முன்னாலும் அவமானப்பட்டு முடிக்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்தான், அப்புறம் கொடுத்தால்தானே அது பெரிதாகத் தெரியும். இதை அன்றைக்கே சொன்னேன். ‘நீ எதிலதாம்மா நல்லதைப் பாப்ப’ என்று கேட்டாய். ஒரு வாரம் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

நெட்டை வைத்திருக்கிற போனைப் பற்றியும் நீதான் சொன்னாய். பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடையில் பாஸ்போர்ட்டை மட்டும் காட்டி சிம் கார்டு வாங்கினாள், முன்கூட்டியே காசு போட்டுப் பேசுகிறாள், ஒப்பந்தமும் கிடையாது யார் தயவும் கிடையாது என்றாய். நானும் அப்படி ஒன்று வாங்கிக்கொள்கிறேன் என்று நீ சொன்னபோது, அதெல்லாம் ஏமாற்று, போட்ட காசைத் தின்றுவிடும், குடும்பத்துப் பெண் அந்தக் கடைக்கெல்லாம் போகக்கூடாது என்று அவன் சொன்னானாம், நீயும் விட்டுவிட்டாய். அதோடு விட்டானா, நெட்டைக்கு உன்மேல் பொறாமை, அவளிடம் ஒட்டாதே என்றும் சொல்லிவைத்தான். உன்னைக் கையைப் பிடித்து அந்தக் கம்பெனிக்குக் கூட்டிக்கொண்டு போனவள் அவள். கம்பெனியிலிருந்து கூப்பிடாமல் போனதிலிருந்து நீ அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று சொன்னாயே, அவள் உனக்கு வேலை கிடைக்கக் கூடாது என்று ஏதாவது சொல்லியிருப்பாளோ என்று சந்தேகப்பட்டாயே, அவளிடம் போய் இரண்டு வார்த்தை நல்லதாகப் பேசு. யாரைச் சந்தேகப்படவேண்டுமோ அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் சமைத்துப் போடுகிறாய்.

குரல் விஷயம் ஒன்று இருக்கிறது. நீ போன் வாங்கிய புதிதில் எனக்கு ஒரு ஆசை, என் பொத்தான் போனிலிருந்தே உன்னைக் கூப்பிட்டேன், இதில் கூப்பிட்டால் பேச ஆரம்பிப்பதற்குள் காசு தீர்ந்துவிடும் என்று தெரிந்தும் கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை. ஒரு ஆம்பளைக் குரல் வந்தது. அந்த ஊர் பாஷை, எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை, ஆனால் அது அவன் குரல், அவன் அப்பனுக்கு இருந்த அதே மூக்கடைத்த குரல். வைத்துவிட்டு மறுபடி கூப்பிட்டேன், மறுபடியும் அவன். ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் கேட்டேன், உன் போனில் எதற்கு அவன் பேசுகிறான் என்று. நீ சிரித்தாய். எனக்கு அந்த பாஷை வராது, கூப்பிடுகிறவர்கள் என்ன நினைப்பார்கள், அதனால் நான் எடுக்காதபோது வருகிற பேச்சை அத்தானே பேசிப் பதிந்து கொடுத்தார், மற்றவர்கள் பேசி வைத்ததைக் கேட்கிற ரகசிய நம்பரும் அவரே போட்டுக் கொடுத்தார், நம் நன்மைக்குத்தான் என்றாய். வீட்டுக்கு நீ குடிவந்திருக்கிறாய், சாவி அவனிடம் இருக்கிறது, அதை நன்மை என்கிறாய் என்று நான் சொன்னதற்கு, ‘போன்னா என்னன்னு உனக்குத் தெரியுமாம்மா’ என்றாய். தெரியாதுதான். அவனைத் தெரியும். பிள்ளைகள் எல்லாம் விளையாடும்போது தோற்கிற சமயம் பார்த்துப் பந்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறவன் அவன், பந்து அவனுடையதாம். நீயும் அழுதுகொண்டு வந்து நின்றிருக்கிறாய், நான் உனக்குத் துணியைச் சுற்றிப் பந்து செய்து கொடுத்திருக்கிறேன், அது உனக்கு மறந்திருக்கும்.

அவன் ஏன் இப்படிச் செய்தான் என்று நான் படுத்துப் படுத்து யோசித்தேன். உன்மேல் அக்கறை என்று அவள் சொல்வதை அவளே நம்பலாம், நான் நம்பமாட்டேன். தக்காளித் தோட்டத்து முதலாளியிடம் இவன் கூட்டிவந்த ஆட்கள் பாதியில் ஓடமாட்டார்கள் என்று இவனுக்கு ஒரு பேர் இருக்கிறது, அதை வைத்துத்தான் சூப்பர்வைசர் ஆனான். அந்தக் கண்ணாடிக் கூரைத் தோட்டத்துக்குள் நாள் முழுக்க வெந்துவிட்டு வந்து, ஓய்வு நாளில் அவன் வீட்டில் சமைத்து, அவன் பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, அவன் பெண்டாட்டியின் துணியையும் மடித்து வைத்துவிட்டு விடுதிக்குத் திரும்புகிறாய், நீ போய்விட்டால் அதையெல்லாம் யார் செய்வது? அக்கறையாம். அத்தை மகன் என்ற உரிமையாம். அந்த உரிமையெல்லாம் நீ கல்யாணம் ஆகி வாழ்வு கெட்டு வந்து நின்ற அன்று எங்கே போயிருந்தது, வாசல் கதவைப் பாதி திறந்து நின்று பேசிவிட்டு அனுப்பினார்கள், உள்ளே வா என்று ஒரு வார்த்தை வரவில்லை. நீ மறந்துவிட்டாய், உனக்கு உன் அப்பா குணம். அவரும் தங்கை என்றால் எல்லாவற்றையும் விழுங்குவார். என் கல்யாணப் பந்தலிலேயே அண்ணனுக்கு இதைவிட நிறமாகக் கிடைக்கவில்லையா என்று என் காதுபடக் கேட்டவள் அவள், சின்னப்பெண் தெரியாமல் பேசிவிட்டாள் என்றார். என் தையல் மெஷினை ஒரு வாரத்துக்கு என்று வாங்கிக்கொண்டு போய் மிதிபலகை இல்லாமல் திருப்பி அனுப்பினாள், அது முதலிலேயே இல்லை என்று சாதித்தாள், மிதிபலகை இல்லாமல் நான் என்ன கையால் சுழற்றி வருஷக்கணக்கில் தைத்தேனா? அதற்கும் போகட்டும் விடு என்றார். அவர் ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது கட்டிலுக்கு அடியில் குனிந்து, தான் கொண்டுவந்த பிளாஸ்கைத் தேடினாள். அதையும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். இதையெல்லாம் ஏன் மனசில் வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று நீ கேட்கிறாய். நான் வைக்காவிட்டால் வேறு யார் வைப்பார்கள் இந்த வீட்டில்.

வீட்டு விஷயம் சொல்லாமல் விட்டால் அதற்கும் கோபித்துக்கொள்வாய். குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டது, புதுசு முளைக்க ஆரம்பித்துவிட்டது, பல் இல்லாத முகத்தை அம்மாவுக்குக் காட்டமாட்டேன் என்றுதான் போனில் வாயைப் பொத்திக்கொண்டு பேசியது, உன்மேல் கோபம் என்று நீ நினைத்தாயோ என்னவோ. கணக்கு நன்றாகப் போடுகிறது, எழுத்து மட்டும் என்னைப் போல. பள்ளிக்கூடத்தில் அம்மா என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டதற்கு, கண்ணாடி வீட்டில் இருக்கிறாள் என்று சொல்லியிருக்கிறது, டீச்சர் பெரிய பங்களா என்று நினைத்துக்கொண்டு என்னிடம் விசாரித்தாள். நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். சமையலறைக் கூரையில் ஒழுகின இடத்தைக் கொத்தனார் பூசிவிட்டார், இப்போது அதற்குப் பக்கத்தில் ஒழுகுகிறது. என் முழங்கால் மாடிப்படி ஏறும்போது மட்டும்தான் என்னை ஞாபகம் வைத்துக்கொள்கிறது. அந்தத் தைலத்தை நான் தொடவில்லை, அப்படியே வைத்திருக்கிறேன்.

இப்போது செய்யவேண்டியதைச் சொல்கிறேன், நிதானமாகப் படி. தையல்காரர் மருமகன் வந்து இதைக் கொடுத்ததும் அவனை வாசலிலேயே நிறுத்திவைத்துப் படித்துவிட்டு, அவன் போனிலிருந்து அந்தத் துணிக் கம்பெனிக்குக் கூப்பிடு. அந்த பாஷை உனக்கு அரைகுறை என்றால் அவனையே பேசச் சொல், அவனுக்கு நன்றாக வரும், ரொட்டி கொடுத்துவிட்டு ஊரெல்லாம் அரட்டை அடிக்கிறவன்தானே. நீங்கள் பேசி வைத்தது என் கைக்கு வரவில்லை, இடம் இன்னும் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதும், யார் அழித்தது எதற்கு அழித்தது என்கிற நம் வீட்டுக் குப்பையை அங்கே கொட்டவேண்டாம். போனில் சரியாக ஒன்றும் தெரியாவிட்டால் நெட்டையைக் கூட்டிக்கொண்டு நேரிலேயே போய் நில். மாசக் கடைசி வரை இடம் வைத்திருப்பதாகத்தான் உன் அத்தை சொன்னாள், அவள் சொன்னதில் ஒரு நாள் முன்னே பின்னே இருந்தாலும் இருக்கும், அதனால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதே. இடம் போய்விட்டது என்றால் போகட்டும், அப்போதும் உன்னை அவர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை என்பது உனக்குத் தெரிந்திருக்கும், வேறு இடத்தில் போய்க் கேட்கும்போது தலை குனியாமல் கேட்பாய். பாஸ்போர்ட் உன் பெட்டிக்குள்தான் இருக்கிறதா என்று இப்போதே எழுந்து பார், பத்திரமாக வைக்கிறேன் என்று யார் கேட்டாலும் கொடுக்காதே. அந்தச் சின்னக் கடையில் உன் பேரில் ஒரு சிம் கார்டு வாங்கு, அந்த நம்பரைக் கம்பெனியில் கொடு, வேறு யாரிடமும் சொல்லாதே. எனக்கும் சொல்லாதே. நான் இதைக் கோபத்தில் எழுதவில்லை. இந்தப் பக்கமும் உன் முகத்தைப் பார்க்க உன் அத்தை போன்தானே வேண்டியிருக்கிறது, புது நம்பர் என்னிடம் இருந்தால் குட்டி கேட்டுப் பிடுங்கி எடுக்கும், அவளிடம் ஒப்பிக்கும், பச்சைப் பிள்ளையைப் பொய் சொல்லச் சொல்லி நான் பழக்க முடியாது. நீ வேலையில் சேர்ந்து உன் புதுப் பர்மிட் கைக்கு வருகிற வரைக்கும் உன் நம்பர் எனக்கு வேண்டாம். பிள்ளையைப் பெற்றும் கூப்பிட எண் இல்லாதவள் என்று இருந்துவிட்டுப் போகிறேன்.

அத்தானிடம் சண்டை போடாதே. நீ கேட்டால் அவன் மறுப்பான், மறுத்துவிட்டு அழுவான், அவன் பெண்டாட்டி உன் கையைப் பிடித்துக்கொள்வாள், நீ இளகிவிடுவாய், எனக்குத் தெரியும். கிளம்புகிற அன்று மட்டும் சொல், நல்ல இடமாகக் கிடைத்தது அத்தான், போய்வருகிறேன் என்று. அந்தப் போனைத் துடைத்து அவன் மேசைமேல் வைத்துவிடு, சார்ஜரையும் சுற்றிப் பக்கத்தில் வை. ஒரு ஒயர் குறைந்தது என்று நாளைக்கு உன் அத்தை தெருவில் நின்று சொல்லக்கூடாது, மிதிபலகையை விழுங்கியவளுக்கு ஒயர் பெரிய விஷயம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை எப்போதும் போல அந்தப் பழைய போனிலிருந்தே கூப்பிடு. உன் அத்தை என் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கடிதம் கிடைத்ததா என்று நான் கேட்க முடியாது, கிடைத்தது என்று நீயும் சொல்ல முடியாது. அதனால் ஒன்று செய். நீ எப்போதும் என்னிடமும் குட்டியிடமும் பேசிவிட்டு வைத்துவிடுவாய், அத்தையிடம் பேசவேண்டும் என்று நீயாகக் கேட்டதே கிடையாது. இந்தத் தடவை கேள். அவளிடம் அவள் மகனைப் பற்றிச் சொல், அத்தான் மாதிரி யாருக்குக் கிடைக்கும், போன் வாங்கிக் கொடுத்தார், கண்ணை இமை காப்பது போலப் பார்த்துக்கொள்கிறார் என்று நன்றாகச் சொல், உனக்கு அது வாய் கூசாமல் வரும், இத்தனை நாள் பழக்கம்தானே. அம்மா ஒருத்திக்குத்தான் யாரையும் பிடிக்காது என்றும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொள், சந்தேகம் வராது. நான் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பேன், அதற்கு நான் நடிக்கவே வேண்டாம். அவள் பூரித்துப்போய் என்னை ஓரக்கண்ணால் பார்ப்பாள். பார்க்கட்டும். அவளை யார் புகழ்ந்தாலும் எனக்கு வயிறு எரியும் என்பது உனக்குத் தெரியும், என் ஆயுசில் இந்த ஒரு நாள் மட்டும் நீ புகழப் புகழ எனக்குக் குளிரும்.

நல்ல இடத்தில் போய்ச் சேர்ந்து, உன் கைத்தொழிலே உனக்குச் சோறு போட்டு, குட்டியைப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டு தூங்குகிற நாள் உனக்குச் சீக்கிரம் வரட்டும், உன் அப்பா பேரைச் சொல்லி வாழ்த்துகிறேன். ஈரத்தலையோடு வெளியே போகாதே. இதைப் படித்ததும் கிழித்துவிடு, குப்பைக்கூடையில் போடாமல் அடுப்பில் போடு.

யாரும் சொல்லிக்கொடுக்காமல் தன் கையால் எழுதிய
உன் அம்மா